பயத்தோடு போட்ட மாத்திரை

2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எனக்குக் காசநோய் இருப்பது தெரிந்தது. அதிலும் ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று சளிப் பரிசோதனையில் வந்தது. நான் பாளையங்கோட்டைப் பெண். கல்யாணமாகிப் புணேவுக்கு வந்தவள். ஔந்தில் வாடகை வீடு. கணவருக்கு ஹிஞ்சவாடியில் வேலை. மகளுக்கு அப்போது ஆறு வயது. நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஞாயிறு பள்ளியில் சங்கீதங்களை ஒப்பித்துப் பரிசு வாங்கி வளர்ந்தேன். விசுவாசம் உள்ளவர்களுக்குப் பயம் வராது, பயம் வந்தால் விசுவாசத்தில் எங்கோ குறை இருக்கிறது என்ற எண்ணம் அந்த வளர்ப்பில் எனக்குள் ஊறிப்போயிருந்தது. நோய் கொடுத்த கஷ்டத்தைவிட அந்த எண்ணம் கொடுத்த கஷ்டம் பெரிது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இருமல் கோடையிலேயே தொடங்கிவிட்டது. மழை பிடித்ததும் புணேயில் பாதி ஊர் இருமும். அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் தலையணை உறை நனைகிற வியர்வை. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்துப் போனது. ஒருநாள் காலை வாஷ்பேசினில் துப்பியபோது சளியோடு சிவப்பாக ஓர் இழை. தண்ணீரைத் திறந்துவிட்டு அதைக் கழுவினேன். மகளுக்கு டிபன் கட்டினேன், பள்ளி வேனில் ஏற்றிவிட்டேன். திரும்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஔந்தில் அரசு நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. பல வருஷமாக அந்த வழியாகப் போய்வந்திருந்தும் அதன் பெயர்ப்பலகையை நான் ஒருதடவைகூடப் படித்ததில்லை. அது நமக்கு வேண்டாத இடம் என்று கண் தானாகவே விலகிப் போயிருக்க வேண்டும். இப்போது அங்கேயே வரிசையில் நின்றேன். சளியை ஒரு சின்னக் கருவிக்குள் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்று சொல்லிவிடுகிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். எனக்கு எழுதிய மருந்துமுறைக்குப் பதினெட்டு முதல் இருபது மாதம். டாக்டரம்மா மராத்தி கலந்த இந்தியில் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் காதில் விழுந்தது அந்த மாதக் கணக்கு ஒன்றுதான். பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் தோளைத் தொட்டு, “காபரூ நகா, தாயி” என்றார். பயப்படாதீங்க அக்கா என்று அர்த்தம். மாஸ்க்குக்கு மேலே அவர் கண்களைப் பார்த்தேன். தினமும் பத்துப் பேரிடம் அதைச் சொல்கிறவர், என்னிடமும் மனசாரவே சொன்னார்.

வீட்டுக்கு வந்தபிறகு பயம் ஒவ்வொன்றாகத் தலைநீட்டியது. மகளுக்குத் தொற்றியிருக்குமோ என்பதுதான் முதல் பயம். அவளுக்கு எக்ஸ்ரே, பரிசோதனை எல்லாம் எடுத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தொடர்ந்து கவனிக்கச் சொன்னார்கள். அடுத்தது அக்கம்பக்கம். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் யாருக்காவது தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்று பயந்தேன். மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போடவே பயம். செய்தித்தாளில் சுற்றி, வேறு கவருக்குள் வைத்துப் போடுவேன். ஊரில் தெரிந்தால் நாளைக்கு மகளுக்கு வரன் பார்க்கும்போது இது ஒரு பேச்சாகுமே என்றுகூட நினைத்தேன். ஆறு வயதுப் பிள்ளையின் வரனை நினைத்து அழுதிருக்கிறேன் என்றால் பயம் எவ்வளவு தூரம் முன்னே ஓடியிருக்கிறது பாருங்கள்.

இந்த நோயைப் பற்றிப் பேசாமலிருக்க எங்கள் வீட்டுக்குத் தலைமுறைப் பழக்கம் உண்டு. அம்மாவின் பாட்டியுடைய தங்கை ஒருவர் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் இருந்தார் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அது மிஷனரிகள் சேர்ந்து 1915இல் திறந்த காசநோய் சானடோரியம். கிறிஸ்தியான் ஃப்ரிமோட் மோலர் என்ற டேனிஷ் மருத்துவர் நடத்தினார். பிறகு 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். இன்றும் அந்தப் பகுதி ரயில் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். அதற்கு முந்தைய நோயாளிகளுக்குக் காற்றும் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் முக்கிய வைத்தியம். எங்கள் பெரிய பாட்டி ஆரோக்கியவரத்திலிருந்து திரும்பி வந்தாரா என்று அம்மாவிடம் கேட்டபோது, “அதெல்லாம் எதுக்குட்டி இப்ப” என்றார். பதில் அதிலேயே இருந்தது.

விஷயத்தைச் சபையில் சொல்வதா வேண்டாமா என்று நானும் கணவரும் வெகுநேரம் பேசினோம். புணேயின் காம்ப் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சபைக்குப் போகிறோம். கடைசியில் போதகர் ஐயாவிடம் மட்டும் சொன்னோம். அவர் வந்து ஜெபித்தார். அவர் வழியாகத் தெரிந்த ஒருசிலர் ஃபோன் செய்தார்கள். எல்லோருமே அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் அதில் பாதிப்பேர் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்: பயப்படக்கூடாது, பயம் பிசாசினுடையது, பயந்தால் சுகம் தடைபடும். கேட்கக் கேட்க, நோயோடு சேர்த்துப் பயப்பட்ட குற்றமும் என் தலையில் ஏறியது. வருஷப் பிறப்பு ஆராதனையில் எனக்கு வந்த, வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பரீட்சையில் தோற்றவள்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் ஃபோனில் ஜெபித்துவிட்டு, “சுகம் ஆயிட்டுது சகோதரி. இனி மாத்திரை போட்டா அது அவிசுவாசம்” என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். அன்று ராத்திரி வேதத்தை எடுத்து எசேக்கியா ராஜாவின் கதையைப் படித்தேன். அவர் வியாதியாய்ப் படுத்திருக்கிறார். கர்த்தர் அவருக்குப் பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்று வாக்கே கொடுத்துவிட்டார். அதன்பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி என்ன செய்கிறார்? அத்திப்பழத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். வாக்கைக் கொடுத்தவரே மருந்தையும் கொடுக்கிறார். அந்த ஊழியருக்குத் திரும்ப ஃபோன் செய்து சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தவில்லை. இந்த நோயில் மருந்தைப் பாதியில் விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று மருத்துவமனையில் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். கொஞ்சம் தேறியதும் விட்டுவிட்டுத் திரும்பவும் வந்து சேர்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிற எந்தப் பிரசங்கமும் சுவிசேஷம் இல்லை. இதை நான் மெல்லச் சொல்ல விரும்பவில்லை.

மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெடாகுவிலின், லெவோஃப்ளாக்சசின், லினசோலிட், குளோஃபாசிமின், சைக்ளோசெரின். அதோடு வைட்டமின் மாத்திரை. குளோஃபாசிமினில் தோல் கறுக்கும். என் முகம் சில மாதத்தில் எனக்கே அடையாளம் தெரியாத நிறத்துக்கு வந்தது. லினசோலிட் பாதத்தை மரத்துப்போக வைக்கும். பெடாகுவிலின் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் அடிக்கடி ஈசிஜி எடுப்பார்கள். இத்தனைக்கும் நான் கொடுத்துவைத்தவள். எனக்கு முந்தியவர்களுக்கு மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசியில் பலருக்குக் காது போயிற்று. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் அப்படிக் காசநோய் மருந்தால் செவித்திறனை இழந்தவர். அவரும், அதேபோல் காது போன தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் சேர்ந்து, பெடாகுவிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் ஜெயித்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்றும் நான் என் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். காது கேளாத இரண்டு பெண்கள் யாரென்றே தெரியாத என்னைப் போன்றவர்களுக்காக வழக்காடியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அன்றைய ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லி நன்றி செலுத்தினேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

மருந்து தொடங்கிச் சில வாரங்கள் ஆனபிறகு இரவுகள் மாறின. அதுவரை இருந்த பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, பெயர் சொல்லலாம். இது வேறு. தொற்று பரவாமலிருக்க எனக்கு ஒதுக்கிய தனி அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருப்பேன். திடீரென்று கதவருகே யாரோ நிற்பதாகத் தோன்றும். தோன்றும் என்றுகூடச் சொல்ல மாட்டேன், நிச்சயமாக நிற்கிறார்கள் என்று இருக்கும். சீலிங் ஃபேனின் சத்தத்தில் என் பெயர் கேட்கும். மகள் செத்துவிட்டாள், எல்லோரும் என்னிடம் மறைக்கிறார்கள் என்று ஒருநாள் அடித்துச் சொன்னேன். கணவர் அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கதவுக்கு வெளியே நிறுத்திக் காட்டினார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அம்மா, என்னம்மா?” என்றாள். அப்போதும் என் மனம் நம்பவில்லை.

சங்கீதம் 91ஐ நான் தூக்கத்திலும் சொல்வேன். அந்த நாட்களில் அதைச் சொல்லிப் பார்த்தேன். வார்த்தைகள் வந்தன, ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், இத்தனை நாள் நான் பேர்க் கிறிஸ்தவளாகவே இருந்திருக்கிறேன், அதனால்தான் இந்த அசுத்த ஆவி வந்து நிற்கிறது என்று முடிவு கட்டினேன். முப்பத்தொன்பது கிலோ எடையில் இருந்துகொண்டு உபவாசம் இருக்கவும் பார்த்தேன்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கதவுப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கஞ்சி டம்ளரை நீட்டி, “ஏட்டி, எலியாவுக்குத் தேவதூதன் என்ன கொண்டுவந்தான்? சொல்லு பாப்போம்” என்றார்கள். எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. அவர்களே சொன்னார்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய அதே எலியா. அவரைத் தேவதூதன் திட்டவில்லை, ஏன் பயந்தாய் என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கினார். திரும்பவும் எழுப்பித் திரும்பவும் கொடுத்தான். “முதல்ல சாப்பாடு, அப்புறம் தூக்கம், அப்புறந்தான் பேச்சு. பயமா இருந்தா இருக்கட்டும்ட்டி. மாத்திரையப் போட்டுட்டு, கஞ்சியக் குடிச்சிட்டுப் பயப்படு” என்றார்கள் அம்மா.

எட்டாவது வரை படித்தவர்கள் அம்மா. இத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்த வேத வியாக்கியானமும் அந்த ஸ்டூலிலிருந்து வந்ததற்கு நிகரில்லை.

மறுநாள் கணவர் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். நான் வர மாட்டேன் என்றேன். இது ஆவிக்குரிய பிரச்சினை, டாக்டரிடம் சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று அழுதேன். “சொல்லிப் பார்ப்போம்மா. சொல்றதுல ஒண்ணும் குறைஞ்சு போயிர மாட்டோம்” என்றார். டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். வியப்பே காட்டவில்லை. சைக்ளோசெரின் சிலருக்கு மூளையில் இப்படி வேலை செய்யும். பயம், மனச்சோர்வு, இல்லாத சத்தம் கேட்பது எல்லாம் வரும். அதற்காகத்தான் வைட்டமின் மாத்திரை சேர்த்துக் கொடுக்கிறோம். நீங்கள் முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்றார். மனநல மருத்துவரைப் பார்க்கவைத்தார்கள். மருந்தை மாற்றி அமைத்தார்கள். கொஞ்ச நாளில் கதவருகே நின்றவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நான் வெகுநேரம் யோசித்தேன். என் விசுவாசத்தின் அளவுகோலாக நான் பிடித்துக்கொண்டிருந்த பயத்தில் ஒரு பங்கு ஒரு மாத்திரையிலிருந்து வந்திருக்கிறது. அப்படியானால் கடவுள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கு என் நெஞ்சின் படபடப்பு சாட்சி சொல்ல முடியாது. இது எனக்குப் பெரிய விடுதலை. அன்றுமுதல் வேதத்தைப் பயம் என்ற ஒன்றுக்காகவே திரும்பப் படித்தேன்.

படகில் புயல் வந்த கதையைச் சின்ன வயதிலிருந்து காலண்டர் படமாகவே பார்த்திருக்கிறேன். சீஷர்களைப் பார்த்து இயேசு ஏன் பயந்தீர்கள் என்று கேட்பதுதான் நினைவில் இருந்தது. மாற்கு எழுதியதை நிதானமாகப் படித்தால், அவர் முதலில் எழுந்து காற்றை அடக்குகிறார். கடல் அமர்ந்தபிறகே அந்தக் கேள்வியைக் கேட்கிறார். மத்தேயு வரிசையை வேறுமாதிரிச் சொல்கிறார் என்பதும் தெரியும். என்றாலும் மாற்குவின் வரிசையை நான் பிடித்துக்கொண்டேன். சங்கீதம் 56இல் தாவீது தனக்குப் பயமே இல்லை என்று தொடங்கவில்லை. பயம் வருகிற நாளில் தான் என்ன செய்வேன் என்று சொல்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஆசியாவில் பட்ட பாட்டில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்ற பொருளில் எழுதுகிறார். எல்லாவற்றுக்கும் மேலே கெத்செமனே. ஆண்டவரே கலங்கினார். வியர்வை இரத்தத் துளிகளாய் விழுந்தது. தன்னோடு விழித்திருக்கும்படி நண்பர்களைக் கேட்டார். அந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். நீங்கவில்லை. எழுந்து நடந்தார். பயம் பாவம் என்றால் அந்தத் தோட்டத்தை நாம் என்ன செய்வது? என்னிடம் பயப்படக்கூடாது என்றவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. இப்போது கேட்கிறேன்.

அந்தத் தனி அறையில்தான் பண்டித ரமாபாயின் சாட்சியைப் படித்தேன். 1907இல் வெளிவந்தது. புணேயில் இருந்துகொண்டு அவரை அதுவரை படிக்காமல் இருந்திருக்கிறேன். சமஸ்கிருதம் படித்த குடும்பம். 1870களின் பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரையும் இழந்தார். அண்ணனும் அவரும் நாடெல்லாம் கால்நடையாக அலைந்தார்கள். ஜீலம் நதிக் கரையில் குளிர் தாங்காமல் சவக்குழிபோல் இரண்டு பள்ளம் தோண்டி, அதில் படுத்து மணலால் மூடிக்கொண்டார்கள். 1880இல் அண்ணன் போனார். 1882இல் காலரா கணவரைக் கொண்டுபோனது. கையில் ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தை. 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும் கிறிஸ்து மார்க்கத்தைக் கண்டபின் கிறிஸ்துவையே காணத் தனக்கு வருஷங்கள் பிடித்தன என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விசுவாசம் ஒரே நாளில் முழுதாய் வந்துவிட வேண்டும் என்று என்னை நானே அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது என்று கேள்விப்பட்டதும் ரமாபாய் அங்கே போனார். பசியில் செத்துக்கொண்டிருந்த பெண்களையும் குழந்தைகளையும் கூட்டி வந்தார். பசி என்னவென்று அவர் உடம்புக்குத் தெரியும். மறுவருஷம் புணேயில் பிளேக். அத்தனை பெண்களையும் வைத்துக்கொண்டு ஊருக்குள் இருக்க வழியில்லாமல் கேட்காவ் என்ற ஊரில் வாங்கியிருந்த நிலத்துக்குப் போனார். அதுதான் முக்தி மிஷன். சோலாப்பூர் ரயில் பாதையில் இன்றும் இருக்கிறது. அவருக்குப் பயம் இருந்ததா என்று நான் யூகித்துச் சொல்லப் போவதில்லை. தன்னை மிகவும் வதைத்த ஒன்று இன்னொருவரை வதைக்கும் இடத்துக்கே அவர் நேராகப் போனார் என்பது வரலாறு.

என் பயங்களில் மகளைப் பற்றிய பயம்தான் கடைசிவரை நின்றது. அதற்கு ஆறுதல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. டாக்டரம்மா ஒருநாள், “உங்க சென்னைல நடந்த ஆராய்ச்சியாலதான் இன்னிக்கு நீங்க வீட்ல இருந்து மருந்து சாப்பிடறீங்க, தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நெருக்கடியான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் ஒரு பாதியை வீட்டிலேயும் வைத்து ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களோடு இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்கும் வழக்கத்தை உலகம் கைவிட அது வழிசெய்தது. என் நோய் வகை வேறு, காலம் வேறு. ஆனாலும் சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது என்பது எனக்கும் பொருந்தும் என்றார் டாக்டரம்மா. ஆரோக்கியவரத்துக்குத் தனியாக அனுப்பப்பட்ட எங்கள் பெரிய பாட்டியை அன்று நினைத்துக்கொண்டேன். சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தபிறகு மகள் என் அறைக்குள் வந்து, என் கறுத்த கையைத் தன் கையோடு வைத்துப் பார்த்து, “அம்மா, நீ சாக்லேட் கலர் ஆயிட்ட” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

சபையில் ஒரு வயதான அக்கா இருக்கிறார்கள். கட்கியிலிருந்து பஸ்ஸில் வருவார்கள். என் முன்னால் உரக்க ஜெபித்ததே இல்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொடுப்பார்கள். வரும்போதெல்லாம் ஸ்பைசர் கல்லூரி பேக்கரியிலிருந்து கோதுமை ரொட்டி வாங்கி வருவார்கள்.  காக்கூ என்று நாங்கள் கூப்பிடும் கீழ்வீட்டு மராத்தி அத்தைக்கு நான் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். தன் மாமனாருக்கும் இந்த நோய் இருந்தது என்றார். மறுநாளிலிருந்து பாக்ரி ரொட்டியும் மட்கி உசள் கூட்டும் டப்பாவில் வந்தன. எலியாவின் அடை எனக்கு இரண்டு பாஷைகளில் வந்தது. எந்தச் சொசைட்டியைக் கண்டு நடுங்கினேனோ அதிலிருந்தே வந்தது.

எல்லோரும் அப்படி நடந்துகொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வேலைக்கு வந்த பெண் நின்றுவிட்டார். பிறந்தநாளுக்கு மகளைக் கூப்பிடாத வீடுகள் இருந்தன. பணமும் நெருக்கியது. மருந்து இலவசம், அரசின் ஊட்டச்சத்து உதவி அப்போது மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் முட்டையும் பாலும் பழமும் ஆட்டோவும் லீவில் போன சம்பளமும் அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஊரில் என் பேரில் இருந்த நகையில் கொஞ்சம் போனது.

என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பு, பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று கேட்பேன். அது போகவில்லை என்றதும் என்மேலேயே கோபம் வரும். பிறகு, இன்றைய மாத்திரையைப் போட எனக்குக் கை கொடும், இந்தக் கஞ்சி உள்ளே தங்கட்டும், ஈசிஜி எடுக்கப் போகத் தைரியமில்லாவிட்டாலும் கால்களையாவது நடத்தும் என்று கேட்டேன். அந்தச் சின்ன ஜெபங்களுக்கு நாள் தவறாமல் பதில் வந்தது. பயம் கூடவே இருந்தது. நாளாக ஆக அதற்கு வீட்டில் அதிகாரம் குறைந்தது. மருந்துக்காலம் முடிந்து, கடைசிப் பரிசோதனைக்குச் சளி கொடுத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் உள்ளங்கை வியர்த்தது. பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஓர் இளம்பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளிடம் என் அட்டையைக் காட்டி, என்னென்ன மாத்திரை, எது என்ன செய்யும், ராத்திரியில் பயம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். பயப்படாதே என்று மட்டும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைப் பரிசோதியுங்கள், செலவில்லை. 1800 11 6666 என்ற காசநோய் உதவி எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள். மருந்து தொடங்கியபின் மனசு கலங்கினால், காரணமில்லாத பயம் வந்தால், அதை ஜெபத்தில் சொல்கிற அன்றே டாக்டரிடமும் சொல்லுங்கள். உங்கள் சபையில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று தெரிந்தால் போய்ப் பாருங்கள். விசுவாசம் எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்கள்.